அமுக்குவானும் அந்தப்புரமும்

தெலுங்கில் 'பள்ளி' என்பது ஊரைக் குறிக்கும். தமிழில் அதே ஒலி படுக்கையையும் துயிலையும் சேர்த்தே குறிப்பதால், ஐதராபாத்தின் வடமேற்கில் மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் குகட்பள்ளியின் பெயரைக் கேட்கும் தமிழ்க் காதில் பள்ளியறையும் திருப்பள்ளியெழுச்சியும் ஒரு கணம் வந்து போவது இயல்பே. பெயரில் துயில் இருப்பதுபோல் தோன்றும் இவ்வூரில் துயிலுக்குத்தான் பஞ்சம். ஒருபுறம் ஜவகர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து மாணவர்கள், மறுபுறம் அருகிலுள்ள ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குச் செல்பவர்கள் என்று கே.பி.எச்.பி. காலனியின் ஹாஸ்டல்களில் மூன்று பேர், நான்கு பேர் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறார்கள். ஒருவர் அலாரத்தை அணைத்து எழும் நேரத்தில்தான் இன்னொருவர் வேலை முடிந்து வந்து கட்டிலில் விழுகிறார். இத்தகைய அறைகளில்தான், விழிப்பும் அல்லாமல் உறக்கமும் அல்லாமல் இடையில் கிடக்கும் அந்தச் சில நிமிடங்கள் தம்மை அதிகமாகக் காட்டிக்கொள்கின்றன.

அந்தச் சில நிமிடங்களில் தோன்றும் உருவங்களுக்கும் ஒலிகளுக்கும் உடல் உணர்வுகளுக்கும் பெயர் வைக்க ஐரோப்பிய அறிவுலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருந்தது. பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் மோரி 1848-இல் 'ஹிப்னகாஜிக்' என்ற சொல்லைக் கையாண்டார். கிரேக்க மொழியில் துயிலைக் குறிக்கும் சொல்லையும் இட்டுச் செல்வதைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து அவர் ஆக்கியது அது. பின்னர் ஆங்கிலேயரான ஃபிரெடரிக் மையர்ஸ், விழித்தெழும் வேளையில் நிகழ்பவற்றுக்கு 'ஹிப்னபாம்பிக்' என்று துணைச்சொல் ஒன்றைத் தந்தார். துயிலிலிருந்து வழியனுப்பி வைப்பது என்பது அதன் பொருள். தமிழில் முன்னதைத் துயில்நுழைக் காட்சி என்றும் பின்னதைத் துயிலெழு காட்சி என்றும் சொன்னால் போதும். இரண்டும் நிகழும் நிலைக்கு 'அரைத்தூக்கம்' என்ற பழகிய சொல்லே இருக்கிறது. அதைவிட நல்ல கலைச்சொல்லை எந்தக் குழு உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடித்துவிடாது.

இக்காட்சிகள் எவருக்கோ அபூர்வமாக வாய்ப்பவை என்று எண்ண வேண்டியதில்லை. மாரிஸ் ஓஹயோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பிரிட்டனில் 4,972 பேரிடம் கேட்டறிந்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 37 விழுக்காட்டினர் துயில்நுழைக் காட்சிகளையும், 12.5 விழுக்காட்டினர் துயிலெழு காட்சிகளையும் கண்டதாகக் கூறினர். அவர்கள் கண்டது பெரும்பாலும் கதையாக விரியும் கனவு அன்று. மூடிய இமைக்குள் வண்ணப் புள்ளிகள் மிதக்கும், கோலம்போல் வலைகள் விரியும், முன்பின் அறியாத முகம் ஒன்று மிகத் துல்லியமாகத் தோன்றி மறையும், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருக்கும். அடிக்காத அழைப்பு மணியைக் கேட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தவர்களும் உண்டு. படியில் கால் தவறியது போன்ற உணர்வோடு உடல் முழுதும் ஒருமுறை துள்ளுவதைத் தமிழர் 'தூக்கிவாரிப் போட்டது' என்பார்கள். மருத்துவம் இதைத் துயில்நுழைத் தசைத்துடிப்பு என்று வகைப்படுத்தி, பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு காலத்தில் நிகழ்கின்ற, தீங்கற்ற ஒன்று என்று கூறி நகர்ந்துவிடுகிறது. தலைக்குள் வெடி வெடித்தது போன்ற பேரொலி கேட்டுப் பதறி எழுபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் 1876-இலேயே விவரித்த அந்த அனுபவத்துக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து ஆங்கில மருத்துவர் ஜே. எம். எஸ். பியர்ஸ் 'வெடிக்கும் தலை நோய்க்குறி' என்று பெயரிட்டார். பெயர் கேட்டுத்தான் பயப்பட வேண்டும். அந்த ஒலியால் வலியோ கேடோ கிடையாது.

பகலில் மனம் எதில் ஊன்றி நிற்கிறதோ அதன் எச்சமே துயிலின் விளிம்பில் முதலில் மிதந்து வருகிறது. வடிவியல் உருவங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, இருட்டில் விழித்தபடி கிடக்கும்போதும் கோடுகளும் கோணங்களும் கண்முன் நிற்கும் என்று தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் வெளிவந்த தமது 'லெவியதன்' நூலில் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு வகையில் சோதித்தது. டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டைப் பல மணி நேரம் ஆடியவர்களில் பெரும்பாலோர் தூங்கப்போகும்போது கட்டைகள் விழுவதைக் கண்டனர். மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாதவர்கள், அந்த விளையாட்டை ஆடியதே நினைவில் இல்லாதவர்கள், அவர்களிலும் சிலர் விழும் கட்டைகளைக் கண்டனர் என்பதுதான் அதில் வியப்புக்குரிய பகுதி. நாள் முழுதும் திரையில் நிரல்வரிகளைத் திருத்திவிட்டுப் படுக்கும் ஹாஸ்டல்வாசியின் இமைக்குள் அவ்வரிகள் ஓடினால் அது வேலைப்பளுவின் நோய்க்குறி என்று கொள்ளத் தேவையில்லை. ஹாப்ஸ் கண்ட கோடுகளும் கோணங்களும்தான் அவை, வடிவம் மட்டும் மாறியிருக்கிறது.

இது ஏன் நிகழ்கிறது என்பதற்கு மிக நேரான விடை 2010-இல் பிரான்சிலிருந்து வந்தது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம், அவர்கள் உறக்கத்தில் ஆழும்போது மூளையின் எப்பகுதி எப்போது அடங்குகிறது என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை மூளையின் மேற்பரப்புக்கு அனுப்பிவைக்கும் நடு நிலையமான தாலமஸ் முதலில் அடங்குகிறது. மேற்பரப்பான புறணியோ அதற்குப் பல நிமிடங்கள் கழித்துத்தான் அடங்குகிறது. அதாவது வெளியுலகச் செய்தி நின்றுபோன பிறகும் செய்தியை எதிர்பார்த்திருக்கும் பகுதி விழித்தே இருக்கிறது. வரத்து நின்ற கடையில் உட்கார்ந்திருக்கும் வணிகன் பழைய சரக்கையே எடுத்து மாற்றி மாற்றி அடுக்குவதுபோல, அது தன்னிடமுள்ளதைக் கொண்டே உருவங்களைக் கட்டுகிறது. உறக்கம் என்பது ஒரே விசையில் அணையும் விளக்கு அன்று என்பதும், வீட்டின் அறைகள் ஒவ்வொன்றாக இருளுகின்றன என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது.

இக்கருத்தைத் தமிழ்ச் சைவ சித்தாந்தம் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ இதே அமைப்பில் சொல்லி வைத்திருக்கிறது என்பது இன்றைய உறக்கவியல் நூல்களில் இடம்பெறாத செய்தி. மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில் உயிரின் ஐந்து அவத்தைகளைப் பேசுகிறது. அவத்தை என்றால் நிலை. நனவாகிய சாக்கிரம், கனவாகிய சொப்பனம், உறக்கமாகிய சுழுத்தி, அதற்கும் அப்பால் துரியம், துரியாதீதம் என்பவை அவை. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் இதை விரிக்கும்போது, உலாப் போய்த் திரும்பும் அரசன் ஒருவனை உவமையாக்குகிறது. படையும் பரிவாரமும் சூழ வந்தவன் அரண்மனைக்குள் நுழையும்போது ஒவ்வொரு வாயிலிலும் சிலரை நிறுத்தி நிறுத்தி, காவலையும் வைத்துவிட்டு, இறுதியில் தனியனாக அந்தப்புரம் புகுகிறான். உயிரும் அவ்வாறே தன் கருவிகளை ஒவ்வொரு நிலையிலும் விட்டு விட்டு உள்ளே போகிறது, உயிர்ப்பாகிய மூச்சுக்காற்று காவலாக நிற்கிறது.

உவமை அழகாக இருப்பதோடு முடிந்திருந்தால் இதை இங்கே இழுக்க வேண்டிய தேவை இல்லை. சித்தாந்தம் கணக்கும் வைத்திருக்கிறது. நனவில் முப்பத்தைந்து கருவிகள் தொழிற்படுகின்றன, கனவில் இருபத்தைந்து, உறக்கத்தில் மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நனவிலிருந்து கனவுக்குப் போகையில் முதல் வாயிலில் நிறுத்தப்படும் பத்துக் கருவிகள் எவை என்று பார்த்தால், கண் காது முதலிய ஞானேந்திரியங்கள் ஐந்தும், கை கால் வாக்கு முதலிய கன்மேந்திரியங்கள் ஐந்துமே அவை. அறியும் பொறிகளும் இயங்கும் உறுப்புகளும் முதலில் விலகுகின்றன. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்கள் உள்ளே விழித்திருந்து கனவைக் காண்கின்றன. தாலமஸ் அடங்கிப் புறணி விழித்திருக்கும் நிலைக்கும், கனவின்போது உடற்தசைகள் முடக்கப்படும் நிலைக்கும் இதைவிடச் சுருக்கமான விளக்கம் காண்பது அரிது. இதை வைத்து 'அன்றே கண்டான் தமிழன்' என்று கொடி பிடிப்பது வீண் வேலை. சித்தாந்திகள் மூளையை அளக்கவில்லை, அவர்களுடைய நோக்கம் உயிர் மலம் என்னும் அழுக்கால் மறைக்கப்பட்டிருப்பதைக் காட்டுவது. ஆயினும் தம் துயிலைத் தாமே உற்றுநோக்கியவர்கள்தாம் இப்படி ஒரு வரிசையை எழுதியிருக்க முடியும் என்று கருத இடமுண்டு. நனவுக்குள்ளேயே ஐந்து நிலைகளும் நிகழும் என்று மத்தியாலவத்தை என்ற இன்னொரு வகையையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். சாக்கிரத்தில் சொப்பனம் என்பது அதில் ஒன்று. திருமந்திரத்தின் எட்டாம் தந்திரமும் இவ்வகைகளைத் தனித்தனித் தலைப்பில் பேசுகிறது. எல்லைகள் கலந்து கிடப்பவை என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

பரிவாரம் உள்ளே போகும்போது வரிசையாக நிற்கும் என்றால், வெளியே வரும்போதும் அதே ஒழுங்கில் வந்து சேர வேண்டும். வராதபோது நிகழ்வதற்குத்தான் ஊரில் அமுக்குவான் என்று பெயர்.

அமுக்குவான், அமுக்கான், பேய் அமுக்குதல், இலங்கைத் தமிழில் அமுக்குப் பேய் என்று வழங்கும் இந்த அனுபவத்தின் அடையாளங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கண் திறந்திருக்கிறது, அறை தெரிகிறது, மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்கிறது. ஆனால் விரலை அசைக்க முடியாது, கத்த முயன்றால் குரல் எழும்பாது. மார்பின்மேல் கனமான ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், அல்லது கட்டிலோரம் கறுப்பாக யாரோ நிற்பது போலிருக்கும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ அது விலகிவிடும். அச்சம் மட்டும் விடியும்வரை விலகாது. கனடிய உளவியலாளர் ஆலன் செய்னும் அவருடைய குழுவினரும் 1999-இல் இவ்வனுபவங்களை மூன்றாக வகைப்படுத்தினார்கள்: அறைக்குள் யாரோ இருப்பதான உணர்வு, மார்பு அழுத்தமும் மூச்சுத் திணறலும், மிதப்பது அல்லது உடலைவிட்டு வெளியேறுவது போன்ற உணர்வு. ஜப்பானியர் இதைக் கனாஷிபாரி என்றும், நியூஃபவுண்ட்லாந்து மீனவர் 'கிழட்டுச் சூனியக்காரி' என்றும், துருக்கியர் கரபாசான் என்றும் சொல்வர். ஆங்கிலத்தில் கெட்ட கனவைக் குறிக்கும் 'நைட்மேர்' என்ற சொல்லின் பின்பாதியே, உறங்குபவன் மார்பில் ஏறி அமரும் ஒரு பேயின் பெயர்தான்.

மருத்துவம் இதை உறக்க முடக்கம் என்று அழைக்கிறது. சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் 1953-இல் விவரித்த, மூடிய இமைக்குள் கண்மணி விரைந்து அசையும் உறக்கமான ரெம் உறக்கத்தில்தான் தெளிவான கனவுகள் மிகுதி. அந்நேரத்தில் உறங்குபவர் தம் கனவின்படி எழுந்து ஓடிவிடாமல் இருக்கும் பொருட்டு, மூளைத்தண்டிலிருந்து வரும் தடைக் குறிப்புகள் தண்டுவடத்து இயக்க நரம்புகளை அடக்கி வைக்கின்றன. விழிப்பு வந்த பிறகும் இத்தடை சற்று நீடித்தால் அறிவு திரும்பிவிடும், உடல் திரும்பாது. சித்தியாரின் கணக்கில் சொன்னால் ஞானேந்திரியங்கள் அரசனிடம் வந்துவிட்டன, கன்மேந்திரியங்கள் இன்னும் வாயிலிலேயே நிற்கின்றன. இதில் மூச்சுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மூச்சை இயக்கும் உதரவிதானம் ரெம் உறக்கத்திலும் தளர்வதில்லை, காவல் தன் இடத்தைவிட்டு அகலுவதில்லை. விலாவிடைத் தசைகள் தளர்ந்து கிடப்பதால், வேண்டுமென்று ஆழமாக மூச்சிழுக்க முயல்பவருக்கு அது கைகூடுவதில்லை. மார்பில் பாரம் ஏறியதாகத் தோன்றுவது அதனால்தான். மூச்சு நின்றுவிடுமோ என்ற அச்சத்துக்கு அங்கே அடிப்படை கிடையாது.

ஊர்ப் பாட்டிகளின் அறிவுரையில் பாதி சரி, பாதி தவறு என்பதும் குறிப்பிடத்தக்கது. தலையணைக்கடியில் இரும்பு வைப்பது, தலைமாட்டில் துடைப்பத்தைச் சாய்ப்பது, நெற்றியில் திருநீறு பூசிப் படுப்பது ஆகியவை அச்சத்தைத் தணிக்கலாம், தசையின் முடக்கத்தை விலக்கா. ஆனால் 'மல்லாக்கப் படுக்காதே' என்ற கண்டிப்பு ஆய்வுகளோடு பொருந்துகிறது, ஏனெனில் மல்லாந்த நிலையிலேயே இந்நிகழ்வு அதிகம் பதிவாகியிருக்கிறது. அமுக்குவான் என்ற சொல்லும் அப்படித்தான். அனுபவத்தை மருத்துவப் பாடநூலுக்கு ஈடாக விவரித்துவிட்டு, செய்தவனை அடையாளம் காட்டுவதில் மட்டும் தவறிவிட்டது.

இனிக் குகட்பள்ளியின் கணக்கு. நியூயார்க்கைவிட ஐதராபாத் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் முன்னே நிற்கிறது. அங்கே காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நடக்கும் அலுவலோடு இணைந்து வேலை செய்பவருக்கு இங்கே மாலை ஆறரையில் தொடங்கும் பணி பின்னிரவு இரண்டரையில் முடிகிறது, குளிர்காலத்தில் மூன்றரையில். கேப் பிடித்து ஹாஸ்டல் சேர்ந்து கண்ணை மூடும்போது விடியல் நெருங்கியிருக்கும். மனித உடலின் உள்கடிகாரப்படி ரெம் உறக்கத்துக்கான நாட்டம் உச்சம் பெறுவது, உடல்வெப்பம் மிகக் குறைந்து மீண்டும் ஏறத் தொடங்கும் அந்த அதிகாலையில்தான். இரவு பத்து மணிக்குப் படுப்பவர் ஒன்றரை மணி நேர அளவில் கடந்து அடையும் ரெம் வாயிலை, களைத்துப்போய் அந்நேரத்தில் படுப்பவர் விரைவாகவே எட்டிவிடக்கூடும். விழிப்பு முழுதாக அணையும் முன்பே கனவும் முடக்கமும் தொடங்கிவிட வாய்ப்புண்டு. ஜப்பானில் தொமோகா தகெயுச்சியும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், உறங்குபவர்களை இரவில் எழுப்பிச் சிறிது நேரம் விழித்திருக்கச் செய்து மீண்டும் உறங்கவிட்டு, அவர்களில் சிலருக்கு உறக்க முடக்கத்தை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைத்தார்கள். அறைத்தோழரின் அலாரத்துக்கும் துப்புரவுப் பணியாளரின் கதவுத் தட்டலுக்கும் பலமுறை எழுந்து எழுந்து படுக்கும் ஒருவர், அறியாமலேயே அச்சோதனையைத் தம்மீது நடத்திக்கொண்டிருக்கிறார்.

மாணவர்கள் நிறைந்த ஊர் என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இருவர் 2011-இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுமக்களில் 7.6 விழுக்காட்டினரும் மாணவர்களில் 28.3 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் உறக்க முடக்கத்தைச் சந்தித்திருந்தனர். தேர்வுக் காலத்து இரவுகள் எப்படிக் கழிகின்றன என்பதை அறிந்தவருக்கு இந்த இடைவெளி பெரிய புதிராக இராது. ஆகவே ஒரே தளத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதத்தில் அமுக்குவான் வந்துவிட்டால், அந்த அறையில் முன்பு யார் இறந்தார் என்று விசாரிப்பதைவிட அந்தத் தளத்தில் யார் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று விசாரிப்பது பயன் தரும்.

இந்த விளிம்பைப் புகழ்பவர்களும் குறைவில்லை. வேதியியலாளர் கெக்குலே, கணப்பின்முன் அரைத்தூக்கத்தில் தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கண்டு பென்சீன் வளையத்தை உணர்ந்ததாக 1890-இல் தமக்கு எடுக்கப்பட்ட விழாவில் சொன்னார். தமிழ்நாட்டில் இவ்வகைப் பேச்சு எழுந்ததும் நாமகிரித் தாயாரும் அவரை வணங்கிய கணித மேதை இராமானுஜனும் வந்துவிடுவார்கள். உறக்கத்தில் இரத்தத்தாலான திரையொன்றில் ஒரு கை கணிதக் கோவைகளை எழுதக் கண்டதாக இராமானுஜன் கூறியதை வாழ்க்கை வரலாறுகள் பதிவுசெய்கின்றன. ஆனால் அது விளிம்புக் காட்சி அன்று, முழுக் கனவு என்றே தோன்றுகிறது. அதில் பலரும் கவனிக்காத செய்தி, விழித்தவுடன் அவர் அவற்றை எழுதி வைத்துக்கொண்டார் என்பது. பாரிஸில் 103 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளிவந்த சோதனை இதைச் சற்று அளந்தே காட்டியது. மறைந்த விதி ஒன்றைக் கொண்ட கணக்குப் பயிற்சிக்கு இடையில் ஓய்வு கொடுத்தபோது, உறக்கத்தின் முதற்படியில் பதினைந்து நொடியேனும் இருந்தவர்களில் 83 விழுக்காட்டினர் பின்னர் அவ்விதியைக் கண்டுபிடித்தனர். விழித்தே இருந்தவர்களில் 30 விழுக்காட்டினரே கண்டனர். அதைத் தாண்டி ஆழ்ந்து உறங்கியவர்களோ இவர்களைவிடவும் பின்தங்கினர். திருமாலின் துயிலுக்குத் தமிழ் 'அறிதுயில்' என்று பெயர் வைத்திருப்பது இதைப் படிக்கையில் நினைவுக்கு வராமல் போகாது. எனினும் கணக்குப் பயிற்சியை முன்பே பலமுறை போட்டுப் பார்த்தவர்களுக்கே இந்தப் பயன் கிட்டியது. பாடப் புத்தகத்தைத் திறக்காமல் அரைத்தூக்கத்தை நம்பியிருக்கும் மாணவருக்கு இதில் ஆறுதல் ஏதும் இல்லை.

எச்சரிக்கை ஒன்று மட்டும் எஞ்சுகிறது. அமுக்குவான் வாழ்நாளில் சிலமுறை வந்து போவது நோய் அன்று. ஆனால் பகலில் அடக்கமுடியாத தூக்கம், சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் தளர்ந்து மடங்குதல், தூக்கத்தின் விளிம்பில் ஓயாத காட்சிகள், அடிக்கடி வரும் முடக்கம் ஆகியவை ஒருசேர இருந்தால் அது நார்கோலெப்சி என்ற நரம்பியல் நோயாக இருக்கக்கூடும். பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ 1880-இல் பெயரிட்ட அந்நோய்க்கு இன்று மருந்துகள் உண்டு, நரம்பியல் மருத்துவரிடம் செல்வதே முறை.

மற்றபடி, பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர் கண்ணைத் திறந்தபடி, அசையாமல், தொண்டைக்குள் முனகுவது கேட்டால், அறைத்தோழர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்துத் தோளைத் தொட வேண்டும். பெரும்பாலும் அந்த ஒரு தொடுதலிலேயே முடக்கம் விலகிவிடும்.